செம்மண் மேடும் சைக்கிள் தடமும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்னும் ஊர்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள எல்லைக் கிராமங்களின் மேட்டுவழிகளில் மலைச் சைக்கிள் ஓட்டலாமா, ஓட்டுவதானால் எவ்வாறு ஓட்டவேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்ட மாத்திரத்தில் இஃது இளைஞர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய சிறு செய்தியாகத் தோன்றும். ஆயினும் ஒரு பாதை யாருக்கு உரியது, அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் பெரிய வினா இதற்குள்ளே அடங்கிக் கிடக்கிறது.

முதலில் இவ்விளையாட்டின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தமால்பாய்ஸ் என்றொரு மலை உண்டு. அதன் அடிவாரத்து இளைஞர்கள் 1970-களில் பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டு சென்று, மண்பாதை வழியே பாய்ந்து இறங்கத் தொடங்கினர். 1976-இல் அவ்வட்டாரத்தில் நடந்த பந்தயத்திற்கு 'ரீபேக்' என்று பெயர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்தின் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் மசகு புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்கவேண்டும். அதனால் வந்த பெயர் அது. பின்னர் அகன்ற டயரும், பல பற்சக்கரங்களும், வலுவான சட்டமும் கொண்ட தனி வகைச் சைக்கிள் உருவாயிற்று. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. நம் பக்கத்திலோ, 2023 அக்டோபரில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடைபெற்றது.

பொன்முடியில் போட்டிக்கெனத் தடம் வகுத்தார்கள். பாறசாலைப் பக்கத்திலோ, யாரும் சைக்கிளுக்கென வகுக்காத வழிகள் ஏராளமாக இருக்கின்றன. அந்த நிலத்தின் அமைப்பே அத்தகையது. சமவெளி என்று சொல்ல இடமில்லை. ஒரு மேடு ஏறினால் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஏலா எனப்படும் வயல். வயலைக் கடந்தால் மறுபடியும் செம்மண் மேடு. மேடுகளில் வெட்டுக்கல்லும் மரச்சீனியும் ரப்பரும். இவற்றை ஊடறுத்து, இரு புறமும் மண்சுவர் உயர்ந்து நிற்கும் இடவழிகள் செல்கின்றன. கிழக்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து, வெள்ளறடையை அடுத்த கூனிச்சி மலையில் போய் நிற்கும். அதற்கும் அப்பால், நெய்யாறு பிறக்கும் அகத்திய மலை.

இந்நிலத்தில் பாதை அமைப்போருக்கு முதல் ஆசான் மழைதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்கே பெய்கின்றன. மேட்டின் உச்சியிலிருந்து நேர் கீழாக இறங்கும் வழியை எண்ணிப் பாருங்கள். அது நடப்பவனுக்குக் குறுக்குவழி. நீருக்கும் அதுவே குறுக்குவழி. இரண்டு மழைக்காலம் கழிந்தால் அது பாதையாக இராது, ஓடையாகிவிடும். அதில் டயரும் புரண்டால் அழிவு விரைவுபடும். இதனால்தான், 1988-இல் கலிபோர்னியாவில் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் சில விதிகளை எடுத்துரைக்கிறது. தடம் மலையைச் சுற்றிச் செல்லவேண்டும். அதன் ஏற்றம், அது செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாகாது. நூறடி தூரத்திற்குப் பத்தடிக்கு மேல் சராசரியாக உயர்தல் கூடாது. இடையிடையே தடம் சிறிது தாழ்ந்து எழவேண்டும். அந்தத் தாழ்வில் மழைநீர் வெளியேறிவிடும்.

நம் ரப்பர்த் தோட்டங்களிலும் மலையைச் சுற்றிப் படி படியாகத் தட்டுகள் வெட்டுவது வழக்கம். பால்வெட்டும் தொழிலாளி நடந்து நடந்து அந்தத் தட்டுகளில் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். பார்வைக்குச் சைக்கிள் தடம் போலவே இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர்த் தட்டு நீரைத் தேக்குவதற்காக மலைப்பக்கமாக உட்சாய்ந்திருக்கும். சைக்கிள் தடமோ நீரை வடிப்பதற்காகப் பள்ளத்துப் பக்கமாகச் சிறிது வெளிச்சாய்ந்திருக்கவேண்டும். இது தெரியாமல், தட்டைத் தடமாக்குகிறோம் என்று மண்ணை வெட்டினால் தோட்டமும் கெடும், தடமும் கெடும்.

மலைச்சரிவில் மண்ணையும் நீரையும் அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு அந்த வட்டாரத்திலேயே துயரமான சான்று இருக்கிறது. 2001 நவம்பர் 9-ஆம் நாள் இரவு, பெருமழைக்கிடையே அம்பூரியில் மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சைக்கிள் தடம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் நீர் ஊறிக் கனத்த சரிவில் மண்வெட்டி வைக்குமுன் நிலவியல் அறிந்தோரைக் கேட்கவேண்டும், இயற்கையான நீரோடையை ஒருபோதும் அடைக்கலாகாது என்னும் பாடத்தை அவ்வூர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

அடுத்தது, பாதையின் உரிமை. தமால்பாய்ஸ் மலையில் சைக்கிள்கள் பெருகியபோது, நடப்போரும் குதிரையில் செல்வோரும் முறையிட்டனர். 1980-களில், அங்கிருந்த நீர் வாரியம் குறுகிய நடைபாதைகளில் சைக்கிளைத் தடுத்தது. அகன்ற வழிகளில் மணிக்கு 15 மைல் என்று வேக வரம்பு விதித்தது. விளையாட்டு பிறந்த மலையிலேயே விளையாட்டுக்குத் தடை வந்தது. ஊராரைக் கேளாமல் ஊர்வழியைப் பிடித்ததனால் வந்த வினை அது.

எல்லைக் கிராமங்களில் இந்த வினைக்கு இடம் தரலாகாது. ரப்பர்ப் பால் குளிர்ந்த விடியற்போதில்தான் நன்கு வடியும். அப்போது தோட்டத்திற்குள் சைக்கிள் நுழைவது முறையன்று. ஒரு சிரட்டை கவிழ்ந்தால் கவிழ்ந்தது தொழிலாளியின் கூலி. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்திற்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லவே கூடாது. கூனிச்சி மலையில் குரிசுமலைக்குத் தவக்காலத்திலும், காளிமலைக்குச் சித்திரைப் பௌர்ணமியிலும் மக்கள் திரளாக ஏறுவர்; அந்நாட்களில் மலை அவர்களுடையது. மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் குன்றில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தேறுவதே தகும்.

இவ்வூர்களில் பாதை அமைப்பதற்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதிலிருந்த தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று மாநிலத்தவர் ஆயினர். நீங்களும் நானும் ஊரைவிட்டு எல்லை கடந்தவர்கள்; அவர்களையோ எல்லை கடந்து சென்றது. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் பாறசாலைப் பக்கமாக வந்து விளவங்கோட்டு வயல்களுக்கு நீர் தந்தது. 2004-இல் அந்நீர் நின்றது. 2012-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கால்வாய் நீர் எல்லையில் நின்றாலும், கரையோர வழிகளில் நடப்போர் நிற்கவில்லை. பள்ளிக்கும் சந்தைக்கும் திருமண வீட்டிற்கும் அவர்கள் இரு பக்கமும் போய்வருகிறார்கள்.

ஆகவே இங்கே தடம் வகுப்பதானால் இரண்டு மாநிலங்களின் ஊராட்சிகளும் நீர்ப்பாசனத் துறைகளும் தோட்ட உரிமையாளரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசவேண்டியிருக்கும். ஒரு மாநிலத்தில் தொடங்கி எல்லைக் கல்லில் முடிந்துபோகும் தடத்தால் யாருக்கும் பயனில்லை. இருபுறத்தாரும் கூடிப் பேசினால், தடத்தைப் பழுதுபார்க்கும் வேலையும் வழிகாட்டும் வேலையும் அவ்வூர் இளைஞர்களுக்கே கிடைக்கும். நீருக்காக நேரிட்ட மனக்கசப்பிற்கிடையே, சிறியதொரு காரியத்தையேனும் இரு கரையாரும் சேர்ந்து செய்தார்கள் என்றும் ஆகும்.

மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் சொற்களையும் சிறிது எண்ணிப் பார்த்தேன். வழி, மேடு, மழை, காடு, மலை: இச்சொற்களில் எதனையும் அவ்வெல்லையில் பெயர்த்துச் சொல்லவேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அவை ஏறத்தாழ ஒன்றே. இடவழியில் எதிரே புல்லுக்கட்டுடன் வரும் மூதாட்டியிடம், வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நின்று, "அம்மா, வழி எங்கே போகிறது?" என்று கேட்டால், அவர் எந்த மாநிலத்தவராயினும் விளங்கிக்கொள்வார்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்கள் பலர் விடுமுறையில் தெற்கே செல்வீர்கள். உங்கள் பிள்ளைகளில் சிலர் மலைச் சைக்கிள் பழகியவர்களாகவும் இருப்பர். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் அவர்களைப் பாறசாலைப் பக்கம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பெரிய இறக்கங்களைத் தேடவேண்டாம். ஊரார் காட்டும் வழியில், ஊராரின் வேகத்தில் செல்லச் சொல்லுங்கள். தாய்மொழி எல்லைக்கு அப்பாலும் வீட்டுமொழியாக வாழ்வதை அவர்கள் தம் காதாலேயே கேட்பார்கள்.