வழக்கம் என்றொரு வார்த்தை

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அண்ணாமலையார் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதார் இல்லை. வியந்த பின்னர், தண்டராம்பட்டுப் பக்கம் சற்றே திரும்பிப் பாருங்கள், தோழர்களே! தென்முடியனூர் என்றொரு சிற்றூர். அங்கே முத்துமாரியம்மனுக்கு ஒரு கோயில்; அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்ட கோயில். அதன் வாயிற்படியை மிதிக்க ஆதிதிராவிட மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகள் காத்துக்கிடந்தனர். 2023 சனவரி 30ஆம் நாள், மாவட்ட ஆட்சியர் உடன்வர, காவற்படை சூழ்ந்து நிற்க, உள்ளே சென்றனர். அம்மனைக் காணப் போலீசுக் காவல்!

தடுத்தது எது? சட்டமா? ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947லேயே வந்துவிட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950 முதல் முழங்கிக்கொண்டிருக்கிறது. அத்தனையையும் தடுத்து நிறுத்திய சொல் ஒன்றே ஒன்று: ‘வழக்கம்!’

யார் வகுத்த வழக்கம்? விடை வராது. மன்னன் ஆணையிட்டால் மன்னனை எதிர்க்கலாம். வழக்கம் ஆணையிட்டால் எவனை எதிர்ப்பது? நாடகம் எழுதுபவன் நான். பிறர் எழுதித் தந்த வசனத்தை நூறு மேடைகளில் பேசிய நடிகன், அதைத் தன் சொந்தப் பேச்சென்றே நம்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். தடுப்பவன் அந்த வசனத்தைப் பேசுவதிலே வியப்பில்லை. தடுக்கப்பட்டவனும், “நமக்கு எதற்கப்பா வம்பு?” என்று அதையே பேசுகிறானே, ஆதிக்கத்தின் வெற்றி அங்கேயன்றோ இருக்கிறது!

இன்னொரு சொல், ‘காலனி’. ஒரே கிராமம், ஒரே ஏரித் தண்ணீர். ஒரு பகுதி ‘ஊர்’, மறு பகுதி ‘காலனி’! பட்டணத்திலே செல்வர் வாழும் இடத்திற்கும் காலனி என்று பெயருண்டு. அங்கே அது முகவரி, இங்கே அது முத்திரை. “வீடு எங்கே?” என்ற கேள்விக்குச் சிறுவன் சொல்லும் விடையிலேயே அவன் சாதியை அளந்துவிடுகிறார்கள். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்பார் உளர். நிறையாதுதான். ஆயினும், பிறர் சூட்டிய இழிபெயர் வேண்டாம், ‘ஆதிதிராவிடர்’ என்றே அழையுங்கள் என்று 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடியது பொழுதுபோக்கவா?

வீடு திரும்பியதும் உங்கள் தெருமுனைப் பலகையைப் படியுங்கள். குடும்ப அட்டையிலே உள்ள முகவரியையும் படியுங்கள். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று வீட்டிலே மூத்தவரைக் கேளுங்கள்.