வியர்வையும் தோல் நோயும்

மாரி கழிந்து, சோளகம் எழுவதற்கு முன் வரும் பங்குனி சித்திரை மாதங்களில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காற்று அடங்கிவிடுகின்றது. வெயிலின் உஷ்ணம் ஒருபுறம். கடலிலிருந்து வரும் ஈரம் மறுபுறம். உடம்பில் வழியும் வியர்வை ஆறுவதில்லை. கழுத்து, கக்கம், இடுப்பு, தொடையிடுக்கு எனத் தோல் மடியும் இடமெல்லாம் அரிப்புத் தொடங்குகின்றது. அரிப்புக்கு ஆளானவர் வியர்வையைக் கடிந்துகொள்கின்றார்.

வியர்வை செய்யும் உபகாரமோ பெரிது. மனித சரீரத்தில் ஏறக்குறைய 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் நீர் ஆவியாகும்போது உடலின் உஷ்ணத்தையும் தன்னுடன் கொண்டுசெல்கின்றது. ஆவியாக வழியின்றி ஆடைக்குள்ளும் மடிப்புகளிலும் அது தேங்கும்போதுதான் மேற்றோல் ஊறி, அதன் காவல் தளர்ந்துவிடுகின்றது. பின்னர் வருவன எல்லாவற்றையும் “வேர்வைக் கடி” என்ற ஒரே பெயரால் வழங்குவதே பல தொல்லைகளுக்குக் காரணம். ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குத் தீமையாக முடியும்.

வேர்க்குரு இவற்றுள் எளியது. வியர்வைக் குழாயின் வாய் அடைபட, உள்ளே நின்ற நீர் தோலுக்குள் கசிந்து சிறு சிறு குருக்களாக எழும்புகின்றது. தடித்த துணியாற் சுற்றி வைக்கப்பட்ட கைக்குழந்தைக்கு இது பெரும்பாலும் வரும். குழந்தைக்குக் குளிர் பிடித்துவிடும் என்று அஞ்சும் பாட்டிமார் சித்திரை வெயிலிலும் தொப்பியைக் கழற்ற உடன்படுவதில்லை! நுங்கு நீர் தடவுவதும் சந்தனம் பூசுவதும் குளிர்ச்சி தரும் என்ற அளவில் ஏற்கத்தக்கவையே. எனினும் வேர்க்குருவைத் தணிப்பன காற்றும், குளிர்ந்த நீரும், மெல்லிய பருத்தித் துணியுமேயாம். ஈர உடம்பின்மேல் பவுடரை அள்ளிக் கொட்டினால் அது மடிப்புகளிற் கட்டிபட்டு உராயும். குழந்தை அதன் தூளைச் சுவாசிப்பதும் நன்றன்று.

தேமல் வேறு வகையினது. எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் ஒருவகை மதுவம், வெப்பமும் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் மிகும்போது பெருகி, மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டுக்களை உண்டாக்குகின்றது. இது அழுக்கினால் வருவதன்று, குட்டமுமன்று. தேமல் படர்ந்த பெண்ணுக்கு விவாகப் பேச்சுத் தடைப்படுவது அறியாமையின் கொடுமையேயன்றி வேறில்லை. பங்கசைக் கொல்லும் மருந்து சேர்ந்த ஷாம்புவையோ களிம்பையோ வைத்தியர் கூறியபடி பூசினால் நோய் அடங்கும். நோய் அடங்கிய பின்பும் தோலின் நிறம் மீளச் சில மாதங்கள் செல்லும். இதனை அறியாதோர் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி, கண்டதையெல்லாம் பூசிப் புண்ணாக்கிக்கொள்கின்றனர்.

மிகுந்த கவனத்துக்குரியது படர்தாமரை. வட்டமாகப் படர்ந்து, விளிம்பு சிவந்து செதிலெழ, நடுப்பகுதி தெளிந்து காணப்படுவது இதன் அடையாளம். இதன் ஆராய்ச்சியில் கொழும்பு நகருக்கும் ஒரு பங்குண்டு. இத்தாலியரான அல்டோ கஸ்டெலானி 1903 முதல் 1915 வரை அங்கே பற்றீரியவியலாளராகக் கடமையாற்றினார். தொடையிடுக்குப் படர்தாமரையில் 1910இல் அவர் கண்டு விவரித்த பங்கசே இன்று டிரைக்கொபைற்றன் ரூப்ரம் என உலகெங்கும் அறியப்படுவது. அவருடைய பெயரைத் தாங்கிய செந்நிறப் பூச்சு மருந்து நெடுங்காலம் வழக்கில் இருந்தது. நோயைத் தணித்ததோடு, உடுத்த துணியையெல்லாம் அது சிவப்பாக்கியும் விட்டது.

இக்காலத்துக் களிம்புகள் துணியைக் கெடுப்பதில்லை. ஆயினும் அவற்றுட் சில நோயாளியைக் கெடுக்கின்றன. மறைவான இடத்து நோயை வைத்தியருக்குக் காட்டக் கூசும் ஒருவர், மருந்துக் கடைக்குச் சென்றோ நண்பரிடம் கேட்டோ ஒரு களிம்பைப் பெறுகின்றார். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் மாயமாய் மறைகின்றன. மறைந்தது அழற்சி மாத்திரமே. தோலின் எதிர்ப்புச் சக்தி அவ்விடத்தில் ஒடுக்கப்படுவதால் பங்கசு தடையின்றிப் பரவுகின்றது. களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாய் எழுகின்றது. மீண்டும் பூசினால் மீண்டும் அடங்குகின்றது. இவ்வாறு மாதங்கள் கழியத் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் அழியாத வரித்தழும்புகள் விழுகின்றன. வட்ட விளிம்பு குலைந்து நோயின் உருவமும் மாறிவிடுவதால், தேர்ந்த வைத்தியரும் உடனே இனங்காண இயலாது தடுமாறுவதுண்டு.

இதனுடன் மற்றொரு இடரும் சேர்ந்துள்ளது. தென்னாசியாவிற் பரவி, 2020இல் தனியினமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கொபைற்றன் இன்டோதினியே என்னும் பங்கசு, டெர்பினபின் என்ற சிறந்த மருந்துக்கும் பல வேளைகளிற் பணிவதில்லை. எனவே அரைகுறைச் சிகிச்சை முன்னைவிட ஆபத்தாகிவிட்டது. வைத்தியர் தரும் களிம்பைத் திட்டுக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீற்றர் அளவு பூசுதல் வேண்டும். தோல் தெளிந்த பின்பும் அவர் குறித்த காலம் வரை விடாது பூசுதல் வேண்டும்.

வீட்டில் ஒரே துவாயைப் பலர் பயன்படுத்துவதும், ஒருவர் சாரத்தை மற்றவர் உடுப்பதும் இந்நோயை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்துகின்றன. ஒருவர் மட்டும் மருந்திட்டு மற்றவர்கள் வாளாவிருந்தால் அது வீட்டைச் சுற்றிக்கொண்டேயிருக்கும். பெண்களின் உள்ளாடைகளை வெளியே உலர்த்தக் கூச்சப்பட்டு, வேறொரு துணியின் கீழ் மறைத்துப் போடும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. முற்றும் உலராத அத்துணி மறுநாள் உடம்பில் ஏறுகின்றது. கொடியில் வெயில் படும் இடத்தை அதற்கும் ஒதுக்குவதால் மானம் ஒன்றும் போய்விடாது.

வயலில் நிற்போருக்கும், நாள் முழுதும் சப்பாத்து அணிவோருக்கும் கால்விரல் இடுக்குகள் ஊறி வெடிக்கின்றன. நீரிழிவுள்ளவர் இதைச் சிறு சேற்றுப்புண் என்று விட்டுவிடலாகாது. அவ்வெடிப்பின் வழியே பற்றீரியா புகுந்து காலையே வீங்கச் செய்யும். கழுவியபின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துதல் மருந்துக்கு ஈடான காவல்.

உஷ்ணமின்றியே உள்ளங்கையிலும் கக்கத்திலும் மிகையாக வியர்ப்போர் சிலர் உளர். அலுமினியம் குளோரைட் கொண்ட திரவத்தை, உலர்ந்த தோலில் இரவு பூசிக் காலையிற் கழுவுவது இவர்களுக்குப் பயன் தரும். முன்பு இல்லாத வியர்வை புதிதாகத் தோன்றி, உடல் மெலிவும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்தால் தைரொயிட்டுச் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். காய்ச்சல், இருமலுடன் இரவில் உடல் நனைந்தால் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது.

தோல் வைத்தியரிடம் செல்வோர் அதுவரை பூசிய களிம்புக் குழாய்கள் யாவற்றையும், வெறுமையானவற்றையும்கூட, கையோடு எடுத்துச் செல்லுதல் நன்று. அவற்றின்மேல் அச்சிட்ட பெயர்களைக் கொண்டே, அந்தத் தோலுக்கு இதுவரை என்ன நேர்ந்தது என்பதை அவர் கண்டுகொள்வார்.