ஒரு பெட்டி, மூன்று தட்டு

(பரிசளிப்பு விழாவில் கணினிக் கழகப் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. கணினிக் கழகத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது தலைமையாசிரியர், "அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பத்திச் சொல்லுங்க சார், அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்றார். அதையே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியின் பெயர் ஸ்பார்க்ஸ்டேஷன் 5. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1982-இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதை 1994-இல் வெளியிட்டது. 2010-இல் அந்த நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. வீட்டுக் கணினி அன்று. பல்கலைக்கழகங்களும் பொறியியல் அலுவலகங்களும் பயன்படுத்திய 'வொர்க்ஸ்டேஷன்' வகையைச் சேர்ந்தது. தட்டையாக இருப்பதால் 'பிட்சா பெட்டி' என்று செல்லப் பெயரும் உண்டு. நம்மிடம் உள்ளதன் வேகம் 110 மெகாஹெர்ட்ஸ். நினைவகத்தை முழுக்க நிரப்பினாலும் 256 மெகாபைட்தான். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி இதைப்போல் பல மடங்கு வல்லது.

"அப்படியானால் இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதானே?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டி நம்மிடம் வந்தபோது உள்ளே ஒரு வன்தட்டும் இருந்தது. அதில் 1994-இல் வெளிவந்த சன்ஓஎஸ் 4.1.4 என்ற இயங்குதளம் அப்படியே உயிரோடு எழுந்து நின்றது. யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய வேலையும் அதில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கோ அதற்குப் பின்னால் வந்த சோலாரிஸ் 2.6-ஐப் பார்க்க ஆசை. இன்றும் இந்தப் பழைய இனத்தைக் கைவிடாத நெட்பிஎஸ்டியையும் ஓட்டிப் பார்க்க ஆசை. புதியதைப் போட வேண்டுமென்றால் பழையதை அழிப்பதா? இதுதான் எங்கள் முன்னால் நின்ற கேள்வி. ஒரே தட்டைப் பாகம் பிரிக்கலாம்தான். ஆனால் அதற்குப் பழைய தட்டில் கைவைக்க வேண்டும். முப்பது வயதைத் தொட்ட தட்டில் கத்தி வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆளுக்கொரு வீடு, தட்டுக்கொரு இயங்குதளம் என்று முடிவு செய்தோம்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன், பெரியவர்களுக்கும் புரியும். தட்டுகள் எல்லாம் 'ஸ்கஸி' என்ற ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. அதை ஒரு லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண் 0 முதல் 7 வரை. ஏழாம் எண் பெட்டிக்கே சொந்தம். ஆறாம் எண் குறுந்தட்டு இயக்கிக்கு. பெட்டிக்குள் இரண்டு தட்டு வைக்க இடம் உண்டு. அவற்றின் எண் 3, 1. எந்தக் குழியில் செருகுகிறோமோ அந்த எண் தானாக வந்துவிடும். மூன்றாவது தட்டு வெளிப்பெட்டியில் இருக்கிறது. அதன் முதுகில் உள்ள சிறு விசையைத் திருப்பி 0 என்று வைத்தோம். ஒரே எண்ணில் இரண்டு பேர் குடியிருக்கக் கூடாது. லயத்தின் கடைக்கோடியில் 'டெர்மினேட்டர்' என்ற அடைப்பான் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சைகைகள் முனையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

இப்போது பெரட்டு. விடியற்காலையில் மண்டோர் பெயர் கூப்பிடுவார் அல்லவா? இந்தப் பெட்டியிலும் ஒரு மண்டோர் உண்டு. அவர் பெயர் ஓப்பன்பூட். அவர் எந்தத் தட்டிலும் இல்லை, பலகையில் உள்ள சில்லிலேயே குடியிருக்கிறார். அதனால் தட்டுகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவர் விழித்திருப்பார். விசைப்பலகையில் 'ஸ்டாப்', 'ஏ' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திரையில் 'ஓகே' என்று எழுதிக் காத்திருப்பார். 'புரோப்-ஸ்கஸி' என்று தட்டினால் எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று வரிசையாகச் சொல்வார். 'பூட் டிஸ்க்1' என்றால் முதலாம் எண் வீட்டுக்காரரை எழுப்புவார். 'பூட்' என்று மட்டும் சொன்னால், முன்பே குறித்து வைத்த ஆளை எழுப்புவார். அந்தக் குறிப்பை 'செட்என்வி பூட்-டிவைஸ்' என்ற கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுதான் வித்தை. தனியாக ஒரு தேர்வுப் பட்டியல் நிரல் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால், மாணவச் செல்வங்களே, இங்கேதான் ஒரு பொல்லாத குழி இருக்கிறது. மண்டோர் 'டிஸ்க்3' என்று அழைப்பவரைச் சன்ஓஎஸ் 'எஸ்டி0' என்று அழைக்கும். மண்டோரின் 'டிஸ்க்0' சன்ஓஎஸ்-க்கு 'எஸ்டி3'. ஆம், தலைகீழ்! பழைய பெட்டிகளில் முதல் தட்டை மூன்றாம் எண்ணில் வைப்பது சன் நிறுவனத்தின் வழக்கம். அந்த முதல் தட்டுக்குச் சுழியம் என்று பேர் வைத்தது இயங்குதளம். சோலாரிஸுக்கோ அதே தட்டு 'சி0டி3டி0'. நடுவில் உள்ள 3-தான் வீட்டு எண். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். "சுழியத்தில் போடு" என்று நம்பிக்கையோடு சொல்லிப் புதிய இயங்குதளத்தை நிறுவினால், காலியாக இருக்கும் சுழியத்துக்குப் பதிலாகப் பழைய தட்டு அழிந்து போகும். அப்புறம் அழுதும் பயனில்லை.

ஆகவே ஒரு சட்டம் போட்டோம். நிறுவும் நாளில் பெட்டியோடு ஒரே ஒரு தட்டுத்தான் இணைந்திருக்க வேண்டும். மற்றவை மேசை இழுப்பறையில். இல்லாத தட்டை எவராலும் அழிக்க முடியாது அல்லவா? மூன்றும் தனித்தனியே எழுந்து நின்ற பிறகுதான் ஒன்றாக இணைத்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒவ்வொரு தட்டின் நெற்றியிலும் வீட்டு எண்ணையும் மூன்று பெயர்களையும் காகிதத்தில் எழுதி ஒட்டினாள். என்னைக் கேட்டால் இவ்வாண்டின் சிறந்த வேலை அதுதான்.

இன்னும் இரண்டொரு செய்தி. குறுந்தட்டிலிருந்து நிறுவ, சாதாரணக் கணினியின் இயக்கி பெரும்பாலும் உதவாது. 512 பைட் துண்டுகளாகப் படிக்கத் தெரிந்த இயக்கி வேண்டும். சன்ஓஎஸ் 4-இல் ஒரு கோப்பு முறைமை 2 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது; பெரிய தட்டு கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்து முழுவதையும் ஒரே பாகமாக்கக் கூடாது. மண்டோரின் குறிப்பேடு ஒரு சில்லில் இருக்கிறது. அதற்குள்ளேயே பேட்டரியையும் வைத்து மூடிவிட்டார்கள். பேட்டரி செத்துவிட்டால் மண்டோருக்கு எல்லாம் மறந்துவிடும். நேரம், குறித்து வைத்த தட்டு, பெட்டியின் ஈதர்நெட் முகவரி உட்பட. புதுச் சில்லுப் போடலாம்; கைத்தேர்ந்தவர்கள் பழைய சில்லின் மேல் பகுதியை அராவி 3 வோல்ட் நாணயப் பேட்டரியை இணைப்பதும் உண்டு. அராவுவது பெரியவர்கள் வேலை, பிள்ளைகள் கைவைக்க வேண்டாம்.

பழைய தட்டை முதல் வேலையாக அப்படியே நகல் எடுத்துவிட்டோம். இயந்திரத் தட்டு என்றாவது ஒரு நாள் சுழல மறுக்கும். அன்றைக்கு அந்த நகலை ஒரு நினைவட்டையில் ஏற்றி, ஸ்கஸி தட்டுப் போல நடிக்கும் சிறு பலகையில் வைத்து, அதே மூன்றாம் எண் வீட்டில் குடியேற்றலாம். மண்டோருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பலகை ஒன்றே பல வீட்டு எண்களுக்குப் பதில் சொல்லும் திறமை உடையது. இரைச்சலும் இல்லை. ஆனாலும் பழைய தட்டு எழும்பும்போது கேட்கும் அந்த முனகலுக்கு ஈடில்லை என்பது என் சொந்தக் கருத்து. பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தட்டில் இருந்த அந்த முன்பின் தெரியாதவரின் கடிதங்களை நாங்கள் திறக்கவில்லை. அவை நமக்கு எழுதப்பட்டவை அல்ல.

பரிசளிப்பு முடிந்ததும் கணினி அறை திறந்திருக்கும். 'ஓகே' என்று தெரியும் இடத்தில் நீங்களே எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பார்த்து முடித்தவுடன் மின்சாரத்தைப் பட்டென்று அணைக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது 'ஸ்டாப்', 'ஏ'-யும் அழுத்தாதீர்கள். கோப்புகள் கெட்டுப்போகும். அருகில் நிற்கும் மாணவரிடம் சொல்லுங்கள். அவர் முறைப்படி 'ஹால்ட்' கட்டளை கொடுத்து மண்டோரிடம் ஒப்படைப்பார்.