தொண்டா, ஊழியமா?

(ஊர்க் கலை இசை விழாத் தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது பாடசாலை மைதானத்திலே நடைபெறவிருக்கும் விழாவுக்கான தொண்டர் பட்டியல் நம் கைக்கு வந்திருக்கிறது. பந்தல், தண்ணீர், வாகன ஒழுங்கு, வரவேற்பு, சமையல், துப்புரவு என ஆறு பகுதிகள். வெங்காயம் கிண்டும் காலத்திலும் இத்தனை பேர் பெயர் கொடுத்திருப்பது பெரிய காரியம். ஆயினும் பட்டியலை ஊன்றிப் படித்தபோது ஒன்று புலனாயிற்று. சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் ஏந்துவோர் யாவரும் தெருவுக்கு இந்தப் பக்கத்தார். விளக்குமாறு ஏந்துவோர் யாவரும் அந்தப் பக்கத்தார். ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. பறை முழக்க வருவோரின் பெயர்களுக்கு எதிரேயோ, பணம் எழுத வேண்டிய இடத்திலே, 'தொண்டு' என்று எழுதப்பட்டிருக்கிறது.

எழுதியவர் மீது நாம் குற்றஞ் சுமத்தவில்லை. தலைமுறைப் பழக்கம் அவர் கையைப் பிடித்து எழுதுவித்தது.

மறுக்கும் உரிமை உடையவன் மனமுவந்து செய்வதே தொண்டு. மறுத்தால் நாளை ஊரிலே என்ன நேருமோ என்று அஞ்சிச் செய்வது ஊழியம். 1707ஆம் ஆண்டிலே, ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணிக்கும் சீதனத்துக்கும் விதி கூறியது போலவே அடிமைகளுக்கும் விதி கூறிற்று. அந்த அடிமைமுறையை 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒழித்தது. சாதி காரணமாகப் பொது இடங்களிலே ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. ஆனால், விழாப் பட்டியலிலே யார் பெயர் எந்த வேலைக்கு எதிரே விழவேண்டும் என்பதை எந்தச் சட்டமும் நமக்கு எழுதித் தராது. கொழும்பை நோக்கிச் சம உரிமை கேட்கும் நாம், அதே சொல்லை இந்த மைதானத்திலே வழங்கக் கூசலாமா?

தொண்டு என்றதும் சைவ மக்கள் நினைவிலே தோன்றுபவர் திருநாவுக்கரசர். அவர் கையிலே இருந்தது உழவாரம். நம் கமக்காரருக்கு அந்தக் கருவியை விளக்க வேண்டுவதில்லை; புல்லுச் செருக்க எடுப்பது அதுதான். வேளாண் குடியிற் பிறந்து, அரசனுக்கும் அஞ்சாது நின்ற அப்பெரியார் கோயில் முற்றத்துப் புல்லைத் தாமே செருக்கினார். அது இன்னாருடைய குலத்தொழில் என்று ஆள் தேடவில்லை.

கூத்தைப் பாருங்கள். வடமோடியாயினும் தென்மோடியாயினும், ஆடுவோர் பகல் முழுதும் வயலிலோ கடலிலோ உழைத்து, மாதக் கணக்காக இரவிலே ஆட்டம் பழகுகிறார்கள். உடுப்புக்கும் கைப்பணம் போடுகிறார்கள். அதுவன்றோ தொண்டு! மட்டக்களப்பிலே கூத்தர்களுக்கு அவரவர் பாத்திரத்தை ஒதுக்குவதைச் 'சட்டம் கொடுத்தல்' என்பர். (சட்டம் படித்த நமக்கு அச்சொல்லிலே தனி மகிழ்ச்சி உண்டு.) 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவர்கள் மட்டக்களப்புக் கிராமத்து அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகினார்கள். ஆசான் யார், மாணாக்கர் யார் என்பதை அங்கே கலையே தீர்த்து வைத்தது. கூத்துக் களரியிலும் சாதி புகுந்த கதைகள் இல்லாமலில்லை. ஆயினும் வழி அங்கே தெரிகிறது.

பறைக்கு அந்த நற்பேறும் வாய்க்கவில்லை. செத்த வீட்டு வாசலிலே அடிக்கவேண்டிய கட்டாயமாக அது ஒரு சமூகத்தாரின் தோளிலே மாட்டப்பட்டது. ஆகவேதான், பறையை இனித் தொடோம் என்று கீழே வைத்துவிட்ட இளைஞரை நாம் ஒருபோதும் குறைகூறோம். இன்று அதே பறை தமிழரின் இசை என்று மேடையேறுகிறது, மிக நன்று. அப்படியாயின் மிருதங்க வித்துவானுக்குரிய இருக்கை, மாலை, சன்மானம் யாவும் பறை அறிந்தவருக்கும் உரியன. அவர் வர விரும்பாவிட்டால், அவருடைய படலையை மறுமுறை எவரும் தட்டலாகாது.

இப்பட்டியலைக் கிழித்துவிடச் செயலாளர் இணங்கிவிட்டார். ஆறு பகுதிக்கும் சீட்டுக் குலுக்குவோம். டாக்குத்தருக்கு விளக்குமாறு விழுந்தால் டாக்குத்தர் கூட்டுவார். சட்டத்தரணிக்கு மலகூடம் விழுந்தால் சட்டத்தரணி கழுவுவார். சமையற்கட்டுப் பெண்களுக்கே உரியது என்ற பேச்சும் வேண்டாம்; சோற்றுக் கிடாரம் தூக்க ஆண்பிள்ளைகளும் வரட்டும். இரவு நிகழ்ச்சி முடிந்து யுவதிகள் வீடு சேரும்வரை துணை போவதற்கு இருவர் இருவராகப் பெயர் குறிக்க வேண்டும். இதை விளையாட்டாக எண்ணாதீர்கள். சென்ற கூட்டத்திலே தாய்மார் கேட்ட முதற்கேள்வி அதுதான்.

கலைஞர் யாவருக்கும் சன்மானத் தொகையை எழுத்திலே அறிவித்து, விழாவுக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். எவரேனும் பெற்ற பணத்தைத் தாமாகவே விழாவுக்குத் திருப்பித் தந்தால் நன்றியோடு ஏற்போம்; நாம் கேட்கலாகாது. பணம் எங்கே என்று பொருளாளர் புருவத்தை உயர்த்துகிறார். தெருவுக்குப் போடவிருக்கும் நான்கு மின்விளக்கு வளைவுகளில் இரண்டைக் குறைத்துவிடுங்கள், ஐயா.

சீட்டுப் பெட்டி மேசைமேல் இருக்கிறது. விருப்பமில்லாதவர் இப்பொழுதே பெயரை எடுத்துவிடலாம். எவரும் காரணம் கேட்கமாட்டார்கள். சீட்டெடுத்த பின்னர் மாற்றிக்கொள்ள இடமில்லை. வயதில் மூத்தவர்கள் முதலில் வந்து எடுக்குமாறு வேண்டுகிறோம்.