சிறு பலகையும் வான்கதவும்

இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறப்பவர் தம் தோள்வலிமையால் வெள்ளத்தைத் தள்ளுவதில்லை. அவர் வழியைத் திறக்கிறார். நீர் தன் வலிமையாலேயே பாய்கிறது. வன்னி மாணாக்கர்க்கு மின்னணுவியலின் முதற்பாடத்தை விளக்க இவ்வுவமை ஒன்றே போதும்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 2016ஆம் ஆண்டில் தன் நாட்டுப் பள்ளிச் சிறுவர்க்கு வழங்கிய மைக்ரோபிட் என்னும் பலகை உள்ளங்கையில் அடங்குவது. அதில் 25 சிறு விளக்குகளும் 2 பொத்தான்களும் உண்டு. அவற்றோடு நின்றுவிட்டால் அது விளையாட்டுப் பொருளே. விளிம்பிலுள்ள முனைகளில் வெளிப்பொருள்களை இணைக்கும்போதுதான் அது தோட்டத்துக்கு உதவும் கருவியாகிறது.

இரண்டு ஆணிகளை மண்ணில் ஊன்றி, ஒன்றை 3 வோல்ட் முனையோடும் மற்றதை உள்ளீட்டு முனையோடும் இணைத்தால், மண்ணின் ஈரத்தைப் பலகை 0 முதல் 1023 வரையான எண்ணாகக் காட்டும். ஈரமண் மின்னை எளிதிற் கடத்துமாதலால் எண் கூடும். மண் வறள வறள எண் குறையும். ஓயாது மின் பாய்ந்தால் ஆணி அரிக்கப்படும். ஆகவே அளக்கும் கணத்தில் மட்டும் மின்னைச் செலுத்துவது நலம்.

மண் வறண்டதும் நீர் இறைக்க வேண்டுமே! இங்குதான் பலர் தவறுகின்றனர். பலகையின் ஒரு முனை சில மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே தரவல்லது. சிறு மோட்டாரும் அதைப்போற் பல மடங்கு கேட்கும். நேரே இணைத்தால் பலகை கெட்டுவிடலாம். இடையே திரான்சிஸ்டர் ஒன்று வேண்டும். அதுவே வான்கதவு. முனையிலிருந்து தடையி வழியாக வரும் சிறு மின்னோட்டம் அதைத் திறக்கும்; மோட்டாருக்கு வேண்டிய மின்னைத் தனிப் பற்றரி கொடுக்கும். பற்றரியின் எதிர்முனையும் பலகையின் எதிர்முனையும் இணைந்திருத்தல் வேண்டும். மோட்டார் நிற்கும்போது எழும் எதிர்மின்னழுத்தத்தைத் தாங்க, அதற்குக் குறுக்கே ஓர் இருவாயியும் வேண்டும். முனைகளில் 3.3 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் செலுத்தலாகாது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பாடசாலைக்கு இத்தகைய பலகை ஒன்றே கிடைக்குமாயின், அது கெட்டுவிடுமென அஞ்சி அலுமாரியிற் பூட்டிவைக்கத் தோன்றும். பூட்டிய பலகை பழுதான பலகையினும் மேலானதன்று. மேற்கூறிய விதிகளை அறிந்த ஆசிரியருக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. அவ்விரு துறைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பாடசாலைத் தோட்டத்தில் ஊன்றிய இரண்டு ஆணிகளே ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ காட்டிவிடும்.