மிலான் நகரில் 15 நிமிடம்

இத்தாலியில் பல வாரம் தங்குவோர் ரோமையும் வெனிஸையும் சொல்லாமலே காண்பர். நாம் வற்புறுத்த விரும்புவது மிலானில் ஒரு துறவிமடத்தின் உணவுக்கூடத்தை. அங்கே லியொனார்டோ டாவின்சி 1490-களில் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைத் தீட்டினார். ஈரச் சாந்து காயுமுன் விரைந்து எழுதுவது அவருக்கு ஒவ்வாது. உலர்ந்த சுவரில் நிதானமாக எழுதினார். விளைவு, அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிற்று. 1943-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் கூரை வீழ்ந்தும், மணல்மூட்டைகள் காத்தமையால் அச்சுவர் நின்றது. சுமார் 20 ஆண்டுச் சீரமைப்பு 1999-இல் முடிந்தது. நம் மூச்சின் ஈரமும் அதற்குப் பகை. ஆகவே சிறு குழுக்களாக 15 நிமிடமே உள்ளே விடுகின்றனர். சீட்டை முன்னரே பெற்று, பயணத்தை அந்நாளையொட்டி அமைத்தல் நலம். ஒரு நிமிடத்தை எதிர்ச்சுவருக்கும் ஒதுக்குவோம். மொந்தோர்ஃபானோ 1495-இல் ஈரச் சாந்தில் எழுதிய சிலுவைக் காட்சி அங்கே இன்றும் தெளிவாக இருக்கிறது.