சொல்லும் சிந்தனையும்



முதலில் சிந்தனை, பிறகே சொல் என்று பலரும் கருதுவர். உளநூலோ வேறொன்றும் கூறுகிறது. விளையாடும் குழந்தை தனக்குத்தானே உரக்கப் பேசுவதை நாம் காண்கிறோம். அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே சென்று எண்ணமாகிறது என்று விளக்கினார் உருசிய அறிஞர் வைகாட்ஸ்கி. சிந்தனையையும் மொழியையும் பற்றிய அவரது நூல், அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அங்ஙனமாயின், பிறர் நம்மிடம் பேசும் சொற்களே நாளடைவில் நாம் நமக்குள் பேசும் சொற்களாகின்றன. சாதிப்பெயராலேயே அழைக்கப்படும் குழந்தை தன்னை எவ்வாறு எண்ணும்? 'உனக்குப் படிப்பு வராது' என்னும் சொல் செவியோடு நிற்பதில்லை. இதனை உணர்ந்தன்றோ எம்.சி. இராஜா அவர்கள் சென்னைச் சட்டசபையில் வாதாடி, இழிவாய் வழங்கிய பெயர்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை 1922இல் அரசு ஏற்கச் செய்தார்!

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் எழுந்த அறிவொளி இயக்கம், தனது பாடநூலின் தொடக்கத்திலேயே 'பட்டா' என்னும் சொல்லை வைத்தது. நிலமற்ற உழைப்பாளி அதனை எழுதுகையில் எழுத்தை மட்டுமா கற்றார்? 'நமக்கு ஏன் நிலமில்லை?' என்னும் வினாவையும் கற்றார். கல்லுடைக்கும் தாய்மார்கள் கைநாட்டை விடுத்துக் கையொப்பமிட்டனர், மிதிவண்டியும் ஓட்டினர்.

ஆகவே, நம் பிள்ளைகளை மதிப்புடன் அழைப்போம். அவர்கள் வினவினால் அதட்டாது விடை கூறுவோம். மாலைதோறும் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் செய்து கேட்போம். இன்று நாம் வழங்கும் சொல்லே நாளை அவர்தம் சிந்தனை.